வெட்டுவதா, விடுவதா: வாடல் விழுந்த தோப்புக்கு ஒரு முடிவுக் கணக்கு

பொள்ளாச்சிக்கு மேற்கே கோபாலபுரம், மீனாட்சிபுரம், ஆனைமலை, எல்லை தாண்டினால் கொழிஞ்சாம்பாறை. கேரள வாடல் (வேர் வாடல் நோய்) விழுந்த தென்னந்தோப்பு வைத்திருக்கும் வீடுகளில் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரே வாக்குவாதம்தான். மரத்தை வெட்டினால் வருமானம் போச்சு என்பார் அப்பா. ஜாதிக்காய் போட்டவன் கார் வாங்கிவிட்டான் என்பான் மகன். வட்டி கட்டுவது யார் என்று கேட்பார் அம்மா. மூவர் சொல்வதிலும் தப்பில்லை, ஆனால் மூவரும் வேறு வேறு விஷயத்தைப் பேசுகிறார்கள். அதனால்தான் வருடக்கணக்கில் பேசியும் முடிவு வருவதில்லை.

இந்த மாதிரிச் சிக்கலைப் பிரித்துப் போட்டு எடை போட ஒரு முறை இருக்கிறது. 1772-ல் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் நண்பர் ஜோசப் பிரீஸ்ட்லிக்கு எழுதிய கடிதத்தில் அதன் எளிய வடிவம் உண்டு. தாளை இரண்டாகப் பிரித்து, சாதகத்தை ஒரு பக்கமும் பாதகத்தை மறுபக்கமும் எழுதி, சம எடை உள்ளவற்றை அடித்துக்கொண்டே வரச் சொன்னார். இந்த முறைக்கு முடிவுப் பகுப்பாய்வு என்ற பெயரை 1960-களில் வைத்தவர் ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் ரொனால்டு ஹோவர்டு. கணினி தேவையில்லை. கோடு போட்ட நோட்டு, பென்சில், கால்குலேட்டர், இரண்டு மூன்று சாயங்காலம் போதும்.

முதலில் நோயை உறுதி செய்யுங்கள்

அட்டவணை போடும் முன் தோப்பைச் சுற்றி வாருங்கள். வேர் வாடலில் கீற்றின் இலைகள் விறைப்பு இழந்து, விலா எலும்பு போல உள்பக்கம் வளையும். பிறகு மஞ்சளாகி, ஓரம் கருகும். அடிமரத்தில் செம்பழுப்பு நீர் வடிந்தால் அது வேறு நோய், தஞ்சாவூர் வாடல். அது பூஞ்சையால் வருவது. கீழ் ஓலைகள் மேல் கரி பூசியது போல இருந்தால் சுருள் வெள்ளை ஈ. 2016-ல் இந்தியாவிலேயே முதன்முதலாக நம் பொள்ளாச்சிப் பக்கம்தான் அது கண்டறியப்பட்டது. இந்த மூன்றுக்கும் வழி வேறு வேறு. சந்தேகம் இருந்தால் ஆழியார் நகர் தென்னை ஆராய்ச்சி நிலையத்தில் காட்டிவிட்டு வந்து உட்காருங்கள். வேர் வாடலுக்குக் காரணம் ஃபைட்டோபிளாஸ்மா என்ற நுண்ணுயிர். கண்ணாடி இறக்கைப் பூச்சியும் தத்துப்பூச்சியும் பரப்புகின்றன. குணமாக்கும் மருந்து கிடையாது. மரம் சட்டென்று சாகாது, காய்ப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். முடிவு தள்ளிப்போவதற்கு அதுவும் ஒரு காரணம்.

நோய் தெரியும் மரங்களுக்கு பெயின்டில் குறி போட்டு எண்ணுங்கள். இங்கே எடுத்துக்காட்டாக மூன்று ஏக்கர் தோப்பு: 25 அடிக்கு 25 அடி நடவு, ஏக்கருக்கு 70 வீதம் 210 மரம், அதில் 60 மரத்தில் அறிகுறி. கீழே வரும் ரூபாய்க் கணக்கு எல்லாம் முறையைக் காட்டப் போட்ட மாதிரி எண்கள். உங்கள் எண் உங்கள் கணக்குப் புத்தகத்தில்தான் இருக்கிறது.

வழிகளை எழுதுவது

"வெட்டுவதா வேண்டாமா" என்று கேள்வியை வைத்தாலே பாதி கெட்டது. இரண்டு வழி மட்டும் இருந்தால் அது சண்டை, தேர்வு அல்ல. குறைந்தது நான்கு ஐந்து வழி எழுதுங்கள். "அப்படியே விடுவது" என்பதும் ஒரு வழிதான், அதற்கும் ஒரு வரி ஒதுக்குங்கள். நம் தோப்புக்கு:

அ. மரத்தை அப்படியே விட்டு, உரமும் தண்ணீரும் மட்டும் சரியாகக் கொடுப்பது.

ஆ. நோயுற்ற 60 மரத்தையும் வெட்டி, தாங்கும் ரகம் நட்டு, இடைவெளியில் நேந்திரன் வாழை. கல்பரக்ஷா, கல்பஸ்ரீ, கல்பசங்கரா மூன்றும் நோய்ப் பகுதிக்கென்றே மத்திய தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்டவை. தாங்கும் என்றால் நோயே வராது என்று பொருள் இல்லை, வந்தாலும் காய்ப்பு அவ்வளவாக விழாது.

இ. காய்ப்பு வருடத்துக்கு பத்துக்குக் கீழே போன மரங்களை மட்டும் வெட்டி, நான்கு தென்னைக்கு நடுவில் ஒன்றாக ஜாதிக்காய் ஒட்டுக்கன்று. விதைக்கன்று வேண்டாம். ஏறக்குறைய பாதி ஆண் மரமாகப் போகும், அது தெரியவே ஆறேழு வருடம் ஆகும்.

ஈ. வாழை போடுபவருக்குக் குத்தகைக்கு விடுவது.

உ. முழுவதையும் வெட்டி, தீவனப் புல் போட்டு, கறவை மாடு.

இப்போது சல்லடை. எந்த வழியாவது சட்டத்திலோ கடன் ஒப்பந்தத்திலோ முடியாது என்றால், மதிப்பெண் போடாமலே எடுத்துவிடுங்கள். தோப்பு கேரளப் பக்கம் இருந்தால் "ஈ" இங்கேயே நிற்கும். அங்கே நிலச் சீர்திருத்தச் சட்டம் புதிய குத்தகை உரிமை உண்டாக்குவதைத் தடுக்கிறது. ஊரில் வாய்மொழிப் பாட்டம் நடக்கிறது என்பது வேறு விஷயம். அதேபோல, மூன்று வருடத்தில் இவ்வளவு பணம் வந்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் நிலமே போய்விடும் என்ற நிலை இருந்தால், அந்தத் தொகையும் சல்லடைதான். அதை எடையாக மாற்றிக் குழப்பாதீர்கள். நம் தோப்பு தமிழ்நாட்டுப் பக்கம், அப்படிப்பட்ட நெருக்கடியும் இல்லை, ஐந்தும் தேறுகின்றன.

எதை வைத்து அளப்பது

உங்களுக்குக் கடைசியில் வேண்டியது எதுவோ அதை எழுதுங்கள். "ஒட்டுக்கன்று வாங்குவது" நோக்கம் அல்ல, வழி. "வருமானம்" என்று மட்டும் எழுதினால் அளக்க முடியாது. எத்தனை ரூபாய், எந்த வருடங்களில் என்று சொன்னால்தான் அளக்கலாம். அடிக்கடி நடக்கும் தப்பு, ஒன்றையே இரண்டு தடவை எண்ணுவது. பத்து வருடச் சராசரி வருமானம் ஒரு அளவுகோல், முதல் மூன்று வருட வருமானம் இன்னொன்று என்று வைத்தால், முதல் மூன்று வருடம் இரண்டிலும் ஏறிவிடும். அதனால் இங்கே நான்கு முதல் பத்தாம் வருடம் வரையிலான ஆண்டு நிகர வருமானம் தனி, முதல் மூன்று வருட மொத்த நிகரம் தனி. இவற்றோடு சித்திரை வெயிலில் மோட்டார் ஓட வேண்டிய மணி நேரமும், வீட்டார் தினமும் இறங்க வேண்டிய வேலை நேரமும். நான்கு போதும். பத்து அளவுகோல் போட்டால் எல்லா வழிக்கும் ஏறக்குறைய ஒரே மதிப்பெண் வந்து நிற்கும்.

எண் போடும்போது நடு எண்ணிலிருந்து தொடங்காதீர்கள். ரொம்ப மோசமாகப் போனால் எவ்வளவு, ரொம்ப நன்றாகப் போனால் எவ்வளவு என்று இரு முனைகளையும் எழுதிவிட்டு நடுவுக்கு வாருங்கள். நேராக நடு எண்ணைக் கேட்டால் பெரும்பாலானவர்கள் நல்ல வருடத்து எண்ணைத்தான் சொல்வார்கள். தேங்காய் விலைக்கு இன்றைய களத்து விலையை எடுக்கவே எடுக்காதீர்கள். கடந்த ஐந்து வருட விற்பனைச் சீட்டுகளைத் தேடி எடுத்துச் சராசரி போடுங்கள்.

| வழி | 4–10ஆம் வருடம், ஆண்டு நிகரம் (ரூ. லட்சம்) | முதல் 3 வருட மொத்தம் (ரூ. லட்சம்) | மோட்டார், மணி/நாள் | வேலை, மணி/நாள் |
|---|---|---|---|---|
| அ. அப்படியே | 0.9 | 4.5 | 4 | 1 |
| ஆ. மறுநடவு, வாழை | 3.0 | 3.0 | 6 | 3 |
| இ. ஜாதிக்காய் | 3.9 | 2.0 | 7 | 2 |
| ஈ. குத்தகை | 1.2 | 3.6 | 8 | 0 |
| உ. மாடு | 2.7 | 2.0 | 7 | 6 |

அட்டவணை முடிந்ததும் ஒவ்வொரு வரியையும் மற்ற வரியோடு ஒப்பிடுங்கள். "உ"வை "ஆ"வோடு வைத்துப் பாருங்கள்: வருமானம் குறைவு, முதல் மூன்று வருடமும் குறைவு, தண்ணீர் அதிகம், வேலை இரண்டு மடங்கு. எந்த எடை போட்டாலும் மாடு ஜெயிக்காது. அடித்துவிடுங்கள். மாட்டின் மேல் பிரியம் இருந்தால் அது வேறு. அப்படியென்றால் அதையும் ஒரு அளவுகோலாக வெளிப்படையாக எழுத வேண்டும்.

மீதி நான்கு வழிகளுக்கும் ஒவ்வொரு பத்தியிலும் மோசமானதற்கு 0, சிறந்ததற்கு 100. நடுவில் இருப்பதற்கு, மோசமானதிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறதோ அதை மொத்த இடைவெளியால் வகுத்து நூறால் பெருக்குங்கள். "ஆ"வின் வருமானம்: 3.0-லிருந்து 0.9 போனால் 2.1, மொத்த இடைவெளி 3.0, ஆக 70. மோட்டாரிலும் வேலையிலும் குறைந்த எண்தான் சிறந்தது என்பதை மறக்க வேண்டாம், அங்கே தலைகீழாகப் போட்டுவிடுபவர்கள் நிறையப் பேர்.

வருமானத்தில் அ 0, ஆ 70, இ 100, ஈ 10. முதல் மூன்று வருடத்தில் அ 100, ஆ 40, இ 0, ஈ 64. மோட்டாரில் அ 100, ஆ 50, இ 25, ஈ 0. வேலையில் அ 67, ஆ 0, இ 33, ஈ 100.

எடை: பெரும்பாலான கணக்கு இங்கேதான் கவிழ்கிறது

"எது ரொம்ப முக்கியம்?" என்று கேட்டால் எல்லாரும் தண்ணீர் என்பார்கள். தண்ணீர் இல்லாமல் பண்ணையம் இல்லைதான். ஆனால் கேள்வி அது அல்ல. இந்த நான்கு வழிகளுக்கும் இடையே தண்ணீரில் உள்ள வித்தியாசம் நான்கு மணி நேரம். உங்கள் போர்வெல் வைகாசியிலும் ஒன்பது மணி நேரம் இழுக்கும் என்றால் அந்த வித்தியாசத்துக்கு மதிப்பே குறைவு. ஐந்து மணிக்கு மேல் காற்று வாங்கும் என்றால் அதுதான் எல்லாம். எடை போடுவது அளவுகோலின் பெயருக்கு அல்ல, அதில் உள்ள ஏற்ற இறக்கத்துக்கு.

இதைச் செய்யும் விதம்: எல்லாமே மோசமாக உள்ள ஒரு தோப்பை நினைத்துக்கொள்ளுங்கள். ஆண்டு வருமானம் 0.9 லட்சம், முதல் மூன்று வருடத்தில் 2 லட்சம், மோட்டார் 8 மணி, வேலை 3 மணி. ஒன்றே ஒன்றை மட்டும் மோசத்திலிருந்து சிறந்ததற்கு ஏற்றலாம் என்றால் எதை ஏற்றுவீர்கள்? அதற்கு 100. அடுத்து எதை, முதலாவதோடு ஒப்பிட்டால் அதன் மதிப்பு எவ்வளவு? நம் கணக்கில் வருமானம் 100, முதல் மூன்று வருடம் 50, மோட்டார் 30, வேலை 20 என்று வைப்போம். கூட்டினால் 200, சதவீதமாக்கினால் 50, 25, 15, 10.

வீட்டில் நான்கு பேர் இருந்தால் நான்கு சீட்டு. ஒருவர் எழுதியதை இன்னொருவர் பார்க்கக் கூடாது. பெரியவர் முதலில் வாயைத் திறந்துவிட்டால் மற்றவர்கள் எண் எல்லாம் அவர் எண்ணைச் சுற்றியே வந்து விழும். சீட்டுகளை விரித்த பிறகு பேசுங்கள்.

எடை சரியா என்று பார்க்க அதை ரூபாயாக்கிப் பாருங்கள். வருமானத்தில் 3 லட்சத்துக்கு 50 புள்ளி, அதாவது ஒரு புள்ளி வருடத்துக்கு 6,000 ரூபாய். வேலையில் 3 மணிக்கு 10 புள்ளி, ஒரு மணிக்கு 3.33 புள்ளி, அதாவது வருடத்துக்கு 20,000. தினம் ஒரு மணி நேர வேலையை மணிக்கு 55 ரூபாய்க்கு விற்கிறீர்கள். கூலிக்கு ஆள் அந்த விலைக்குக் கிடைக்காது என்றால் வேலையின் எடை குறைவாகப் போட்டிருக்கிறீர்கள்.

முதல் மூன்று வருடப் பணத்தையும் அப்படியே சோதியுங்கள், அங்கே ஒரு அதிர்ச்சி காத்திருக்கிறது. 2.5 லட்சத்துக்கு 25 புள்ளி, ஒரு புள்ளி 10,000 ரூபாய். பின்னால் வரும் வருமானத்தில் ஒரு புள்ளி வருடம் 6,000 வீதம் ஏழு வருடம், 42,000. இன்றைய பத்தாயிரத்துக்காக, சராசரியாக ஐந்து வருடம் கழித்து வரும் நாற்பத்திரண்டாயிரத்தை விட்டுக்கொடுக்கத் தயார் என்கிறது இந்த எடை. அது ஆண்டுக்குச் சுமார் 33 சதவீத கூட்டு வட்டி. கிசான் கடன் அட்டையில் 7 சதவீதத்துக்குப் பயிர்க்கடன் கிடைக்கும் வீடு இந்த எடையைப் போடக் கூடாது. தனியாரிடம் மூன்று வட்டிக்கு வாங்கியிருக்கும் வீட்டுக்கு இந்த எடை நியாயம்தான்.

கூட்டல், பிறகு ஆட்டிப் பார்ப்பது

மதிப்பெண்ணை எடையால் பெருக்கிக் கூட்டினால்: ஜாதிக்காய் 57.1, மறுநடவு 52.5, அப்படியே விடுவது 46.7, குத்தகை 31. இங்கேயே நோட்டை மூடிவிடுகிறார்கள். இனிமேல்தான் வேலையே.

ஒரு எடையை மட்டும் ஏற்றி, மற்ற மூன்றையும் அதே விகிதத்தில் சுருக்கிப் பாருங்கள். முதல் மூன்று வருடத்தின் எடை 25-லிருந்து 32-ஐத் தாண்டினால் "அப்படியே விடுவது" முதலிடத்துக்கு வருகிறது. 32 என்றால் வட்டி 43 சதவீதம். அப்பா சொல்லும் வழி சரியாக வேண்டுமானால் வீட்டின் நெருக்கடி அந்த அளவுக்கு இருக்க வேண்டும்.

அடுத்தது, அட்டவணையில் உள்ள எண்களை ஆட்டுவது. ஜாதிக்காய்க்கும் மறுநடவுக்கும் வித்தியாசம் 4.6 புள்ளி, ரூபாயில் வருடம் 27,500. அதாவது ஜாதிக்காய் வருமானம் 3.9 லட்சத்திலிருந்து 3.62 லட்சத்துக்கு இறங்கினாலே, ஏழு சதவீதம்தான், மறுநடவு மேலே வந்துவிடும். வாசனைப் பொருள் விலை ஏழு சதவீதம் ஆடுவது ஒரு விஷயமா? ஆக "ஜாதிக்காய் முதலிடம்" என்று இந்த அட்டவணை சொல்லவில்லை. முதல் இரண்டும் சமம் என்கிறது, அவ்வளவுதான்.

மூன்றாவது, நிச்சயமில்லாதது. "அப்படியே" வழியின் 4.5 லட்சம் எங்கிருந்து வந்தது? நோய் மெதுவாகப் பரவினால் 6 லட்சம், வேகமாகப் பரவினால் 3.5 லட்சம்; மெதுவாகப் பரவ 40 சதவீதம், வேகமாகப் பரவ 60 சதவீதம் வாய்ப்பு என்று வைத்துப் பெருக்கிக் கூட்டியது. (நான்காம் வருடத்துக்கு மேல் எப்படியும் பரவியிருக்கும் என்று 0.9-ஐ மாற்றவில்லை. மறுநடவிலும் ஜாதிக்காயிலும் நோய் மரங்களை அகற்றுவதால் அங்கே பரவும் வேகம் குறையும் என்று எடுத்திருக்கிறது.) இந்த 40-ஐ ஏற்றிக்கொண்டே போனால் 82 சதவீதத்தில்தான் "அப்படியே விடுவது" ஜாதிக்காயைத் தொடுகிறது. மெதுவாகத்தான் பரவும் என்று ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் அடித்துச் சொல்ல முடியாதவர்கள் அந்த விவாதத்தை நிறுத்திக்கொள்ளலாம். பல வீடுகளில் வாக்குவாதத்தின் பெரும்பகுதி இதில்தான் போகிறது.

சராசரி மட்டும் பார்த்தாலும் ஏமாந்துபோவோம். 4.5 லட்சம் என்பது என்றுமே கைக்கு வராத எண். வருவது ஒன்று 6, அல்லது 3.5. அந்த 3.5-ஐ வைத்து மூன்று வருடக் கல்லூரிக் கட்டணமும் வட்டியும் கட்ட முடியுமா என்று தனியாகப் பாருங்கள்.

இன்னும் சில பள்ளங்கள்

போன வருடம் போர்வெல் போட்ட செலவு எந்தப் பத்தியிலும் வரக் கூடாது. எந்த வழியில் போனாலும் அந்தப் பணம் திரும்பாது. "இவ்வளவு செலவு பண்ணிட்டு விடறதா" என்ற பேச்சு எழுந்தால் அது அட்டவணைக்கு வெளியே.

நடுவில் ஒரு வழியைச் சேர்த்தால், அல்லது எடுத்தால், 0-வும் 100-ம் இடம் மாறும். குத்தகையை எடுத்துவிட்டால் மோட்டாரின் இடைவெளி 4–8 அல்ல, 4–7. மூன்று மணி வித்தியாசத்துக்குப் பழைய எடை பொருந்தாது. எடையைத் திரும்பப் போட வேண்டும், அல்லது பழைய அளவை அப்படியே வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டில் ஒன்று. பாதி பாதி செய்தால் வரிசை காரணமில்லாமல் புரளும்.

ரூபாயும் மணியும் தெரிந்திருக்க, ஒன்று முதல் ஐந்து வரை "மனசுக்குப் பட்ட" மதிப்பெண் போடாதீர்கள். 3-க்கும் 4-க்கும் நடுவே பத்தாயிரமா லட்சமா என்று யாருக்கும் தெரியாது.

முதல் இரண்டு வழிகள் இப்படி ஒட்டி வந்தால், ஆறாவதாக ஒரு வழி கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கும்: நல்ல மரங்கள் நெருங்கி நிற்கும் ஒரு ஏக்கரில் ஜாதிக்காய், மரம் போன இடங்களில் தென்னங்கன்றும் நேந்திரனும். அதையும் ஒரு வரியாக எழுதி முதலிலிருந்து ஓட்டுங்கள். இரண்டு வழியின் மதிப்பெண்ணையும் கூட்டிப் பாதியாக்கி எழுதுவது குறுக்கு வழி. ஜாதிக்காய்க்குத் தேவையான நிழல் வெட்டுப்பட்ட பகுதியில் இருக்காது, வாழைக்குத் தேவையான வெயில் அங்கேதான் இருக்கும். சேர்க்கையின் எண் தனி எண்.

கணக்கைத் தொங்கலில் விட்டிருப்பது ஜாதிக்காய் வருமானம் ஒன்றுதான் என்பதால், மேற்கொண்டு அலைவதானால் அதற்கு அலையுங்கள். எட்டு வருடத்துக்கு மேலான ஒட்டு மரம் வைத்திருப்பவர் ஆனைமலைப் பக்கம் யார் என்று விசாரித்து, மரத்துக்கு எத்தனை கிலோ காய்ந்த கொட்டை, எத்தனை கிராம் பத்திரி (கொட்டையைச் சுற்றியிருக்கும் சிவப்பு இதழ்), கோடையில் எத்தனை நாளுக்கு ஒரு தண்ணீர் என்று மூன்று பேரிடமாவது கேட்டு எழுதுங்கள். கூடவே குறி போட்ட மரங்களையும் திரும்ப எண்ணுங்கள். காய் வெட்டு 45 நாளுக்கு ஒரு முறை என்றால் இரண்டு வெட்டுக்கு 90 நாள். நேந்திரன் பத்துப் பன்னிரண்டு மாதப் பயிர். ஓணத்துக்குப் பாலக்காடு சந்தையில் தார் நிற்க வேண்டுமானால் ஐப்பசியில் கிழங்கு மண்ணுக்குள் போக வேண்டும். ஆடியில் முதல் எண்ணிக்கையை எடுத்துவிட்டால் அதற்குள் இரண்டாவது எண்ணிக்கையும் ஜாதிக்காய் விவரமும் கையில் இருக்கும்.